எடி வின்சன் ஜாஸ் வீட்டுக்கு வந்த விருந்தாளியா?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தது இது: ஆல்ட்டோ சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்டுக்கொண்டு வருகிறார். அதில் எடி 'கிளீன்ஹெட்' வின்சன் என்ற ப்ளூஸ் பாடகரோடு செய்த தட்டு ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது. "இவ்வளவு பெரிய ஜாஸ் கலைஞர்கள் ஒரு ப்ளூஸ் பாடகருக்கு ஏன் பக்கவாத்தியம் வாசித்தார்கள்? மூத்தவர் என்ற மரியாதையா, கம்பெனி சொன்னதாலா? வின்சன் சாக்ஸஃபோனும் வாசிப்பாராம், அது கேட்கும் தரத்தில் இருக்கிறதா? ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'டியூன் அப்' மெட்டு உண்மையில் இவருடையது என்கிறார்களே, நிஜமா? எதிலிருந்து தொடங்குவது?" நாலைந்து கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: வின்சன் ஜாஸ் வீட்டுக்கு அவ்வப்போது வந்துபோன விருந்தாளியா, இல்லை அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவரா?

நான் முப்பது வருடமாக ஆல்ட்டோ சாக்ஸஃபோன் வாசிக்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன். வரலாற்றாசிரியன் இல்லை. வின்சனின் தட்டுகளை வேகம் குறைத்து ஓடவிட்டு, வரி வரியாகக் காதால் பிடித்து வாசித்துப் பழகியவன் என்ற அளவில்தான் பேசுகிறேன். என் பதில்: அவர் அந்த வீட்டுப் பிள்ளை. ப்ளூஸுக்கு ஒரு வீடு, ஜாஸுக்கு ஒரு வீடு என்று நடுவில் சுவர் எழுப்பியது தட்டு விற்றவர்கள். வாசித்தவர்களுக்கு அந்தச் சுவர் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியவில்லை.

முதலில் ஊரைப் பாருங்கள். வின்சன் 1917 டிசம்பரில் டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். 1930களின் பிற்பகுதியில் அங்கே மில்ட் லார்கின் என்பவர் நடத்திய பெரிய நடனக் குழுவில் சாக்ஸஃபோன் வரிசையில் உட்கார்ந்தார். அவரோடு உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? இல்லினாய் ஜாக்கே, ஆர்னெட் காப். லயனல் ஹாம்ப்டன் குழுவின் 'ஃப்ளையிங் ஹோம்' தட்டில் 1942இல் ஜாக்கே வாசித்த டெனர் (ஆல்ட்டோவைவிடப் பெரிய, தடித்த ஒலியுள்ள சாக்ஸஃபோன்) சோலோ அந்தத் தலைமுறை டெனர் வாசிப்பவர்கள் எல்லோரையும் ஆட்டிப்படைத்தது. ஜாக்கே விலகியதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் காப். ஆக, வின்சன் வாசிக்கக் கற்றுக்கொண்ட இடமே இப்படிப்பட்ட ஆட்கள் நிறைந்த இடம். உரத்துப் பாடும் பாட்டை ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸியோடு ஊர் ஊராகச் சுற்றியபோது பிடித்துக்கொண்டார். வருத்தம் என்னவென்றால், லார்கின் குழு உச்சத்தில் இருந்த காலத்தில் அதன் வாசிப்பை யாரும் தட்டில் பதியவில்லை. அதனால் ஒரு வாக்குவாதம் இன்றைக்கும் முடியாமல் கிடக்கிறது. 1940களில் பீபாப் என்ற புது ஜாஸ் பாணியை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆல்ட்டோ கலைஞர் சார்லி பார்க்கர்; வின்சனின் ஆல்ட்டோவில் அவருடைய சொற்கட்டு, அதாவது சுரங்களைக் கோத்து வாக்கியமாக்கும் விதம், அப்படியே கேட்கிறது. அது பார்க்கரிடமிருந்து வந்ததா, டெக்ஸஸ், கன்சாஸ் சிட்டிப் பக்கத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய பொதுச்சொத்தா? என் காதுக்கு இரண்டும் கலந்துதான் கேட்கிறது. நிரூபிக்கத் தேவையான பதிவு இல்லை, அதனால் இதை என் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயரையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதைக் கேலிப்பெயர் என்று நினைக்கிறார்கள். சுருள்முடியை நேராக்க எரிகாரம் கலந்த பூச்சைத் தலையில் தேய்த்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். ஒரு முறை அது அவர் முடியையே தின்றுவிட்டது. அதற்கப்புறம் தலையை மழித்துக்கொண்டார், பெயரும் ஒட்டிக்கொண்டது. அதை வைத்துத் தானே பாட்டும் கட்டினார்.

1942இல் நியூயார்க் வந்து கூட்டி வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார். டியூக் எலிங்டனிடம் பல வருடம் ட்ரம்பெட் வாசித்த கூட்டிதான். 1944 ஜனவரியில் அவர்கள் பதிந்த 'செரி ரெட் ப்ளூஸ்' தான் வின்சனின் குரலை நாடெங்கும் கொண்டுபோனது. அந்தப் பாட்டைக் கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டுக் கொஞ்சம் பியானோவைக் கவனியுங்கள். வாசிப்பவர் பட் பவல், வயது பத்தொன்பது. பீபாப் பியானோ என்றாலே நமக்கு நினைவு வரும் அதே பவல். அதே வருடம் ஆகஸ்டில் இதே குழு பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் 'ரவுண்ட் மிட்நைட்'டை முதல்முதலாகத் தட்டில் பதிந்தது. அப்போதும் சாக்ஸஃபோன் வரிசையில் வின்சன் இருந்தார். ஜாஸ் வரலாற்றில் அதிகம் வாசிக்கப்பட்ட மெட்டு ஒன்று பிறந்து தட்டில் ஏறிய நேரத்தில், 'ப்ளூஸ் பாடகர்' என்று நாம் பெட்டியில் போட்டுப் பூட்டிய மனிதர் அதே அறையில் வாசித்துக்கொண்டிருந்தார். கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி அவருடைய சொந்தக் குழுவில் இருக்கிறது. 1945இல் கூட்டியை விட்டு வெளியே வந்து தனிக்குழு அமைத்தார், மெர்க்குரி கம்பெனிக்குப் பாடினார். 1947இல் 'ஓல்ட் மெய்ட் பூகி' பில்போர்டு பத்திரிகையின் கறுப்பினத்தவர் இசைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'கிட்னி ஸ்டூ ப்ளூஸ்' ஆயுள் முழுக்க அவரை விடாமல் தொடர்ந்தது. அந்தப் பட்டியலுக்கு அப்போது பெயரே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இன வாரியான தட்டுகள். 1949இல்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றினார்கள். வாங்குபவரின் தோல் நிறத்தை வைத்து ஒரு பட்டியல் போட்டு, அதற்கே பின்னால் ஒரு இசைவகைப் பெயரும் கொடுத்துவிட்டார்கள். வின்சன் மாதிரி ஆட்கள் அந்த அலமாரிக்குள் போய் மாட்டிக்கொண்டார்கள். அவர் ஊதிய ஆல்ட்டோ கடைக்காரருக்குத் தேவைப்படவில்லை, சிரிக்கவைக்கும் பாட்டு போதும்.

ஆனால் அதே குழுவுக்குள் நடந்தது வேறு. 1948 கடைசியில் ஜான் கோல்ட்ரேன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் வேலைக்குச் சேர்ந்தான். அதுவரை ஆல்ட்டோ வாசித்தவன். குழுத் தலைவர் ஆல்ட்டோ என்பதால் இவன் டெனர் வாங்க வேண்டியதாயிற்று. இது வெறும் வேலை நிமித்தம் போலத் தெரியும். ஆனால் கோல்ட்ரேனே 1960இல் டவுன்பீட் பத்திரிகையில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: ஆல்ட்டோ வாசித்தவரை பார்க்கர் ஒருவரே மனதை முழுக்க நிறைத்திருந்தார், வின்சன் குழுவுக்காக டெனர் வாங்கிய பிறகுதான் பல பேரைக் கேட்கும்படி காது திறந்தது என்ற பொருளில். நமக்குத் தெரிந்த டெனர் கோல்ட்ரேன் தொடங்கிய இடம் ஒரு ப்ளூஸ் பாடகரின் சுற்றுப்பயணம். அந்தக் குழுவில் பியானோ ரெட் கார்லண்ட், ட்ரம்பெட் ஜானி கோல்ஸ். 1955இல் மைல்ஸ் டேவிஸ் தன் புகழ்பெற்ற ஐவர் குழுவை அமைத்தபோது கோல்ட்ரேனும் கார்லண்டும் ஏற்கெனவே ஒரு பஸ்ஸில் ஊர் சுற்றிப் பழகியவர்கள்.

இங்கேதான் 'டியூன் அப்' விவகாரம் வருகிறது. உறுதியானதை முதலில் சொல்கிறேன். மைல்ஸ் 1953இல் 'டியூன் அப்'பையும் 1954இல் 'ஃபோர்' என்ற மெட்டையும் பிரெஸ்டீஜ் கம்பெனிக்குப் பதிந்தார். இரண்டிலும் இயற்றியவர் என்று அச்சானது மைல்ஸின் பெயர். இரண்டும் தான் கட்டியவை என்று வின்சன் சொல்லிவந்தார். ப்ளூஸ் பாடிப் பிழைக்கும் தனக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் மைல்ஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டதாகவும் சொன்னார். ஜாஸ் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்று வின்சன் பக்கம் நிற்கிறார்கள். எனக்கும் அவர் சொல்வதில்தான் நம்பிக்கை. ஆனால் நம்பிக்கை வேறு, சான்று வேறு. 'சோலார்' என்ற இன்னொரு மெட்டும் இப்படி மைல்ஸ் பெயரில் இருந்தது. அதையே கிட்டார் கலைஞர் சக் வெயின் வேறு பெயரில் 1946லேயே வாசித்த பதிவு பின்னால் வெளிப்பட்டு வாக்குவாதம் முடிந்தது. 'டியூன் அப்' விஷயத்தில் நம் கையில் இருப்பது வின்சனின் வாய்மொழி. அதனால் 'மைல்ஸ் திருடினார்' என்று எழுதிக்கொண்டு திரிவது சரியில்லை. 'வின்சன் கட்டியது என்று பரவலாக நம்பப்படுகிறது' என்பதே நியாயமான வாக்கியம்.

அந்த மெட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. 'டியூன் அப்' பதினாறு பார், அதாவது பதினாறு தாளக்கட்டம், கொண்டது. டி மேஜரில் போய் நிற்கும், உடனே ஒரு முழுச்சுரம் இறங்கி சி மேஜரில் நிற்கும், மறுபடி ஒரு முழுச்சுரம் இறங்கி பி ஃப்ளாட்டில் நிற்கும். மூன்று படி. நான் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுப்பேன், ஒரே சொற்கட்டை மூன்று சுருதியில் சொல்லப் பழகிவிடும். கோல்ட்ரேன் 1959இல் இந்த மூன்று படிகளுக்கு நடுவே இன்னும் பல படிகளைச் செருகி 'கவுண்ட்டவுன்' என்று ஆக்கினார், 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தட்டில் இருக்கிறது. வின்சன் சொன்னது உண்மையென்றால், பத்து வருடம் முன்பு தனக்குச் சம்பளம் கொடுத்தவரின் மெட்டின் மேல் ஏறி நின்றுதான் கோல்ட்ரேன் அதைக் கட்டினார்.

சரி, கேனன்பாலுக்கு வருவோம். நீங்கள் வைத்திருக்கும் தட்டு 1961 செப்டம்பரிலும் 1962 பிப்ரவரியிலும் பதிந்தது. ரிவர்சைட் கம்பெனி 'பேக் டோர் ப்ளூஸ்' என்று வெளியிட்டது. பிற்காலத்தில் 'கிளீன்ஹெட் அண்ட் கேனன்பால்' என்ற பெயரில் லேண்ட்மார்க் கம்பெனி மறுபடி கொண்டுவந்தது. கேனன்பாலின் அன்றாடக் குழுவே முழுசாக வந்து வாசித்தது: தம்பி நாட் ஆடர்லி கார்னெட், ஜோ ஸவினுல் பியானோ, சாம் ஜோன்ஸ் பாஸ், லூயி ஹேஸ் டிரம்ஸ். கம்பெனி வற்புறுத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். 1961 மே மாதம், அதாவது இந்தத் தட்டுக்கு நான்கு மாதம் முன்பே, கேனன்பால் தன் சொந்தத் தட்டான 'குவிண்டெட் பிளஸ்'ஸில் 'அரைவிங் சூன்' என்ற மெட்டை வாசித்திருக்கிறார். இயற்றியவர் எடி வின்சன். தன் தட்டில் இடம் கொடுக்கும் அளவுக்கு அந்த மெட்டு அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல கலைஞர்களைக் கண்டுபிடித்து ரிவர்சைடிடம் கொண்டுபோய் நிறுத்துவது அப்போது அவருக்கு வழக்கமும்கூட. கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கமரியை அந்தக் கம்பெனிக்குச் சொன்னவர் அவர்தான். ஸவினுலையும் மறந்துவிடாதீர்கள். வியன்னாக்காரர், பின்னாளில் வெதர் ரிப்போர்ட் குழுவின் தூண். ஆனால் கேனன்பாலிடம் சேருவதற்கு முன் இரண்டு வருடம் பாடகி டைனா வாஷிங்டனுக்குப் பியானோ வாசித்தவர். ப்ளூஸ் பாடும் குரலுக்குப் பின்னால் எப்போது பேச வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்கு அங்கேயே பாடமாகியிருந்தது.

இந்தத் தட்டை நான் எப்படிக் கேட்பேன் என்று சொல்கிறேன். பன்னிரண்டு பார் ப்ளூஸில் ஒரு அடி பாடுவார்கள், அதையே திருப்பிப் பாடுவார்கள், மூன்றாவது அடியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் நான்கு பார். பாடுகிற சொல் ஏறக்குறைய இரண்டு பாரிலேயே முடிந்துவிடும், மிச்ச இரண்டு பார் காலியாக நிற்கும். ப்ளூஸின் உயிர் அந்தக் காலி இடத்தில்தான். கிட்டார்காரர் பாடினால் அந்த இடத்தில் தன் விரலாலேயே பதில் சொல்லிக்கொள்வார். சாக்ஸஃபோன்காரர் பாடினால் அது முடியாது, வாய் ஒன்றுதான். நீங்களே முயன்று பாருங்கள்: இரண்டு நிமிடம் உரத்துப் பாடிவிட்டு மவுத்பீஸை வாயில் வைத்தால் ரீட் என்ற நாணல் தகடு காய்ந்துபோயிருக்கும், உதடு பிடி விட்டுப்போயிருக்கும், முதல் சுரம் கீச்சிடும். நான் மேடையில் ஒரே ஒரு முறை இதைச் செய்து, முதல் நான்கு பாரில் காற்று மட்டும்தான் வந்தது. வின்சன் நாற்பது வருடம் ராத்திரிதோறும் இதைத்தான் செய்தார். அதனால் அவருக்குப் பின்னால் பதில் சொல்பவர்கள் அத்தனை முக்கியம். 'கிட்னி ஸ்டூ'வையும் 'பெர்சன் டு பெர்சன்'னையும் கேட்கும்போது குரலைத் துரத்தாதீர்கள். அடி முடிந்ததும் வரும் இரண்டு பாரில் யார் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள். அப்புறம் குரலைக் கேளுங்கள்: அடியின் முடிவில் அது திடீரென்று உடைந்து மேலே போய் ஒரு கீச்சல் போட்டுவிட்டு இறங்கும். அவருடைய கையெழுத்து அது.

வாசிப்பு தரமானதா என்ற கேள்விக்கு 'வின்சனாலஜி', 'ஹோல்ட் இட்' இரண்டும் பதில். பாட்டே இல்லாத தடங்கள். அதே தட்டில் கேனன்பால் இருக்கிறார் என்பதால் ஒப்பிடாமல் இருக்க முடியாது. கேனன்பாலுக்கு விரல் வேகம் அதிகம், ஸ்வரக்கூட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வரும் சாமர்த்தியம் அதிகம். அதில் வின்சன் அவருக்கு ஈடில்லை, நான் மழுப்பவில்லை. ஆனால் வின்சன் ஊதுவது பேச்சு நீளத்துக்கு இருக்கும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம், அப்புறம் கொஞ்சம் இடம், அப்புறம் அடுத்த வாக்கியம். பாடும்போது மூச்சு எங்கே விழுகிறதோ, ஊதும்போதும் அங்கேயே விழும். கரகரப்பும் குரலிலிருந்து வந்ததே. வேகமாக வாசிக்கத் தெரிந்த மாணவர்களிடம் இந்தத் தட்டைக் கொடுத்து, ஒரே ஒரு கோரஸை, அதாவது மெட்டின் ஒரு முழுச் சுற்றை, மூச்சோடு சேர்த்து எழுதிவரச் சொல்வேன். ஸ்வரத்தை எழுதிவிடுவார்கள். மூச்சை வைக்கும் இடத்தில் திணறிப்போவார்கள்.

மற்ற தட்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1957இல் பெத்லஹேம் கம்பெனிக்குச் செய்த 'கிளீன் ஹெட்ஸ் பேக் இன் டவுன்' பெரிய குழு நடத்திய கவுண்ட் பேஸியின் ஆட்கள் பலர் வாசித்த தட்டு. குரல் கேட்க அருமை, ஆல்ட்டோ கேட்க விரும்புபவருக்குப் பசி தீராது. 1969இல் பாரிஸில் பதிந்த 'கிட்னி ஸ்டூ இஸ் ஃபைன்' தட்டில் பியானோவில் ஜே மெக்ஷானும் கிட்டாரில் டி-போன் வாக்கரும் இருக்கிறார்கள். சார்லி பார்க்கர் இளைஞராக வாசித்தது இந்த மெக்ஷானின் குழுவில்தான், அதனால் பியானோவைக் கேட்கும்போதே பாதிக் கதை புரிந்துவிடும். பாட்டே வேண்டாம் என்பவருக்கு நான் தருவது 1971இல் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ விழாவில் ஆலிவர் நெல்சன் நடத்திய 'ஸ்விஸ் ஸ்வீட்'. பெரிய குழு, நீண்ட படைப்பு, காட்டோ பார்பியேரி டெனரில் அலறுகிறார். அந்தக் களேபரத்துக்கு நடுவில் வின்சன் ஆல்ட்டோவோடு எழுந்து சோலோ எடுக்கிறார். ஒரு வார்த்தை பாடவில்லை. 1980இல் பேஸியோடும் ப்ளூஸ் பாடகர் பிக் ஜோ டர்னரோடும் பாப்லோ கம்பெனிக்குச் செய்த 'கன்சாஸ் சிட்டி ஷவுட்' கலகலப்பானது. டர்னர்தான் பீட் ஜான்சனோடு சேர்ந்து 'செரி ரெட்'டை இயற்றி 1939இல் பதிந்தவர். அந்தப் பாட்டால் பெயர் வாங்கிய வின்சன், பாட்டின் சொந்தக்காரரோடு ஒரே தட்டில் நிற்கிறார். 1986இல் பாடகி எட்டா ஜேம்ஸோடு லாஸ் ஏஞ்சலஸில் மேடையில் பதிந்தவையும் உண்டு. குரல் தளர்ந்திருக்கிறது, ஆனால் அவர் பக்கத்தில் நிற்பதில் எட்டாவுக்கு இருக்கும் சந்தோஷம் கேட்கிறது. இரண்டு வருடம் கழித்து, 1988 ஜூலையில், வின்சன் அதே ஊரில் இறந்துபோனார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கையில் கேனன்பால் தட்டு இருப்பதால் 'அரைவிங் சூன்'னில் தொடங்குங்கள். 'குவிண்டெட் பிளஸ்'ஸில் இருப்பதை முதலில், வின்சன் தட்டில் இருப்பதை அடுத்து, இடைவெளி விடாமல். அப்புறம் 1944 'செரி ரெட் ப்ளூஸ்', பட் பவலுக்காக. மூன்றாவதாக, மியூஸ் கம்பெனி வெளியிட்ட 'லைவ் அட் சாண்டீஸ்'. 1978 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் பெவர்லி என்ற சிறு ஊரில் ஒரு கிளப்பில் பதிந்தது. ரே பிரையண்ட் பியானோ, ஜார்ஜ் டுவிவியர் பாஸ், ஆலன் டாசன் டிரம்ஸ். டெனரில் இரண்டு டெக்ஸஸ்காரர்கள், பட்டி டேட்டும் ஆர்னெட் காப்பும். ஆமாம், ஹூஸ்டனில் லார்கின் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்த அதே காப். 1956இல் ஒரு கார் விபத்தில் கால்கள் நசுங்கி, அதற்கப்புறம் ஊன்றுகோலோடுதான் மேடை ஏறினார். நாற்பது வருடம் முன்பு அந்த இருவரும் சேர்ந்து எப்படி ஒலித்தார்கள் என்பதற்குத் தட்டு கிடையாது என்று சொன்னேன் இல்லையா, இதைக் கேளுங்கள்.